அத்தியாயம் 6: போர்ட்டைப் பிடித்திருப்பது யார்?

சர்வரை மறுதொடக்கம் செய்த பிறகு ஒரு மென்பொருள் ஏறாமல் நிற்கிறது. அதன் பதிவுக் கோப்பைத் திறந்தால் கடைசியில் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று ஒரு வரி கிடக்கிறது. இந்தப் பிழைக்கு லினக்ஸில் எண் 98, மேக்கில் 48, விண்டோஸில் 10048. எங்கே வந்தாலும் பொருள் ஒன்றுதான்: அந்த மென்பொருள் கேட்ட போர்ட்டில் வேறொரு புரோகிராம் ஏற்கெனவே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. அது எந்தப் புரோகிராம் என்பதை மட்டும் அந்த வரி சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி வேலை. போர்ட்டை விடுவிப்பது அதற்குப் பின்னால் வரும் சின்ன வேலை.

பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். பிழையைப் பார்த்ததும் கையில் கிடைத்த புரோகிராமைக் கொல்கிறார்கள், போர்ட் காலியாகிறது, தங்கள் மென்பொருள் ஏறிவிடுகிறது, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். கொல்லப்பட்டது இன்னொருவருடைய பில்லிங் மென்பொருளாகவோ, எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளமாகவோ இருந்தால் அதன் விலை மாலையில்தான் தெரியும். ஆகவே முதல் விதியாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் யார், அவரை அங்கே உட்கார வைத்தது யார் என்ற இரண்டும் தெரியும் வரை எதையும் நிறுத்த வேண்டாம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை, தொலைபேசியில் ஒருவர் சொல்லச் சொல்ல மறுமுனையில் இன்னொருவர் தட்டும் வழக்கப்படி, ஒலிக்கிறபடியே தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று வரை ஓடியது

தென்காசி, குற்றாலம் பக்கம் இந்தப் புகார் சாரல் காலத்தில்தான் அதிகம் வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கும் ஜூன், ஜூலையில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழும், மின்சாரம் போகும், யுபிஎஸ்ஸில் இருக்கிற பேட்டரி தீரும். அறைகள் நிரம்பி வழியும் அதே நாட்களில்தான் விடுதியின் சர்வரும் அணைந்து எழும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சுல்லா, இப்ப ஏறவே மாட்டேங்கு.”

“கரண்டு போச்சா தம்பி?”

“ஆமாண்ணே, விடியக்காலம் போயிட்டு வந்துச்சு.”

“எதையும் கில் பண்ணிராத. 8080-ல யாரு இருக்கான்னு மொதல்ல பாத்துச் சொல்லு.”

மின்சாரத்தைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு போர்ட்டை இரண்டு புரோகிராம்களின் அமைப்புக் கோப்புகளிலும் எழுதி வைத்துவிட்டால் உடனே சண்டை வராது. முதலாவது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவதை யாரோ சோதனைக்காக நிறுவி, தானாகத் தொடங்கும் பட்டியலில் சேர்த்துவிட்டு மறந்திருப்பார். சர்வர் அணைந்து எழும்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். முந்தியவருக்குப் போர்ட் கிடைக்கும். பிந்தியவர், அவர் எத்தனை வருடம் அந்த இடத்தில் இருந்தவராக இருந்தாலும், 98-ஐ எழுதிவிட்டு நின்றுவிடுவார். ‘நேற்று வரை ஓடியது’ என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கோளாறு நேற்றுக்கும் முன்பே உள்ளே வந்துவிட்டது.

மத்தளம்பாறையிலிருந்து ஓர் உதாரணம்

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் இங்கே உருவாகி 2016-இல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு அந்த நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பள்ளியும் இங்கே உண்டு. அதனால் சர்வர், போர்ட், டிக்கெட் என்ற சொற்கள் இன்று தென்காசிப் பேருந்திலேயே காதில் விழுகின்றன. இந்த நூலை எழுதத் தூண்டியவர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்து இளைஞர்கள்தான்.

அதே நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, அலுவலகங்கள் தங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் நிர்வாக மென்பொருள்களைத் தருகிறது. போர்ட் எப்படி மோதும் என்பதைக் கற்க இவற்றைவிட நல்ல பாடம் இல்லை. ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஓர் எண்ணோடு வருகிறது. ஆட்ஆடிட் பிளஸ் 8081-இல் உட்காரும். எண்ட்பாயிண்ட் சென்ட்ரலுக்கு 8020-உம் 8383-உம். ஆட்செல்ஃப்சர்வீஸ் பிளஸ் 8888, ஈவென்ட்லாக் அனலைசர் 8400, பாஸ்வேர்ட் மேனேஜர் ப்ரோ 7272. இவை எல்லாவற்றையும் ஒரே சர்வரில் ஏற்றினாலும் இந்த எண்கள் உரசிக்கொள்ளாது. ஆனால் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் வழக்கமாகக் கேட்பது 8080. ஆட்மேனேஜர் பிளஸ் கேட்பதும் 8080. செலவைச் சுருக்க ஒரே விண்டோஸ் சர்வரில் இரண்டையும் நிறுவும் அலுவலகங்களில் இந்த மோதல் நடக்கும். லினக்ஸ் சர்வரில் சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸின் எதிரே வந்து நிற்பது பெரும்பாலும் தனியாக நிறுவிய டாம்கேட் அல்லது ஜென்கின்ஸாக இருக்கும். அவை இரண்டும் கேட்பதும் அதே 8080தான்.

எல்லோரும் ஏன் 8080-க்கே வருகிறார்கள்? வலைச் சேவையின் சொந்த எண் 80. யூனிக்ஸ் வகை கணினிகளில் வழக்கமாக 1024-க்குக் கீழே உள்ள எண்களில் சாதாரணப் பயனர் உட்கார முடியாது, நிர்வாகி உரிமை வேண்டும். அந்த உரிமை இல்லாதவர்கள் 80-ஐ நினைவுபடுத்தும் 8080-க்குப் போனார்கள், ஜாவா உலகம் அதையே வழக்கமாக்கிக்கொண்டது. உரிமை இல்லாமல் 80-ஐக் கேட்டால் வருவது ‘பெர்மிஷன் டினைட்’ என்ற வேறு பிழை, எண் 13. அதைப் பார்த்துவிட்டு யாரோ போர்ட்டைப் பிடித்திருப்பதாக நினைத்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

போர்ட்டைப் பற்றி இங்கே தேவையானது கொஞ்சம்தான். எண்கள் 65535 வரை. டிசிபிக்கு ஒரு வரிசை, யுடிபிக்கு ஒரு வரிசை. ஒரே எண்ணை இரண்டிலும் வெவ்வேறு புரோகிராம்கள் வைத்திருக்கலாம், மோதல் இல்லை. கர்னல் ஒதுக்குவது எண்ணை மட்டும் வைத்து அல்ல, ஐபி முகவரியையும் எண்ணையும் சேர்த்து. அதனால் ஒருவர் 127.0.0.1-இலும் இன்னொருவர் 192.168.1.10-இலும் 8080-ஐ வைத்திருக்க முடியும். யாராவது 0.0.0.0 என்று, அதாவது எல்லா முகவரியிலும், கேட்டால்தான் இருவரோடும் மோதுவார்.

லினக்ஸில் ஆளைப் பிடிப்பது

சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி

இந்த ஒரு கட்டளை மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல் என்பது காத்திருப்பவர்களை மட்டும் காட்டச் சொல்கிறது, டி டிசிபியை, என் பெயர்களாக மாற்றாமல் எண்களாகவே தரச் சொல்கிறது, பி புரோகிராமின் பெயரைக் கேட்கிறது. யுடிபி வேண்டுமானால் டியின் இடத்தில் யு. சூடோவை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்தப் புரோகிராம்களின் பெயர் மட்டும் தெரியும், மற்றவர்களின் இடம் வெறுமையாக வரும். அதைப் பார்த்து ‘யாருமே இல்லை, ஆனாலும் போர்ட் கிடைக்கவில்லை’ என்று குழம்பியவர்கள் அநேகம். பழைய புத்தகங்களில் வரும் நெட்ஸ்டாட் இன்றைய லினக்ஸ் நிறுவல்கள் பலவற்றில் இருப்பதே இல்லை.

வருகிற வரி இப்படி இருக்கும்:

லிஸன் 0 100 *:8080 *:* யூசர்ஸ்:((“ஜாவா”,பிட்=2143,எஃப்டி=57))

இதை நிதானமாகப் படியுங்கள். லிஸன் என்றால் இந்தப் புரோகிராம் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. அடுத்த 0, இன்னும் ஏற்கப்படாமல் வரிசையில் நிற்கும் இணைப்புகள். அதன் பக்கத்தில் உள்ள 100, அந்த வரிசையில் அதிகபட்சம் எத்தனை பேர் நிற்கலாம் என்பது. டாம்கேட் இயல்பாகக் கேட்கும் வரிசை நீளம் 100தான், எனவே பெயர் தெரிவதற்கு முன்பே இது டாம்கேட்டாக இருக்கலாம் என்று ஊகித்துவிடலாம். *:8080 என்றால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் எல்லா முகவரியும் இவர் கையில். இங்கே பலர் சறுக்குகிறார்கள். 0.0.0.0:8080 என்ற வரியைத் தேடி, அது இல்லை என்றதும் ஐபிவி4-இல் போர்ட் காலி என்று முடிவு கட்டுகிறார்கள். ஐபிவி6-இல் உட்கார்ந்த ஜாவா புரோகிராம் ஐபிவி4-ஐயும் சேர்த்தே பிடித்திருக்கும். கடைசியில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது: புரோகிராம் ஜாவா, அதன் செயல் எண் 2143.

ஆனால் ‘ஜாவா’ என்பது இன்னும் விடை ஆகவில்லை. ஒரே சர்வரில் மூன்று ஜாவா மென்பொருள்கள் ஓடினால் மூன்றுக்கும் அதே பெயர்தான். இங்கே பொறுமை இழந்து ‘கில்ஆல் ஜாவா’ என்று தட்டுகிறவர்களால்தான் மூன்றும் ஒன்றாக விழுகின்றன. அதற்குப் பதில்:

பிஎஸ் -டபிள்யூடபிள்யூ -எஃப்பி 2143

என்று கேட்டால் அந்த ஜாவா எந்தக் கட்டளையால் தொடங்கப்பட்டது என்பது முழுதாக வரும். நீளமான வரிதான், ஆனால் அதற்குள் எங்கோ நிறுவிய அடைவின் பெயர் இருக்கும். தொடங்கிய நேரமும் பயனர் பெயரும் இருக்கும். நேரம் மின்சாரம் வந்த நிமிடத்தோடு ஒத்துப்போனால், இவர் தானாகத் தொடங்கும் பட்டியலில் இருப்பவர். அதை உறுதி செய்ய:

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் 2143

சேவையின் பெயர் தெரியாவிட்டாலும் செயல் எண்ணைக் கொடுத்தால் போதும், இந்தக் கட்டளை அது எந்தச் சேவையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். சேவை எதுவும் இல்லாமல் யாரோ ஒரு பயனரின் முனையத்துக்குக் கீழே வந்தால், ஒரு சக ஊழியர் கையால் தொடங்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நிமிட விசாரிப்பில் முடிகிற காரியம் அது.

எஸ்எஸ் இல்லாத இடத்திலும் மேக்கிலும் எல்எஸ்ஓஎஃப் உதவும்:

சூடோ எல்எஸ்ஓஎஃப் -என்பி -ஐடிசிபி:8080 -எஸ்டிசிபி:லிஸன்

இதில் பி, டிசிபி, லிஸன் மூன்றும் பெரிய எழுத்துகள். கடைசித் துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் 8080 என்று மட்டும் கேட்டால், அந்தப் போர்ட்டில் காத்திருப்பவரோடு, அதோடு இணைப்பு வைத்திருப்பவர்களையும் எல்எஸ்ஓஎஃப் சேர்த்துக் காட்டும். முன்னால் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றும் என்ஜின்எக்ஸும் அந்தப் பட்டியலில் வரும். வந்த எண்களையெல்லாம் அப்படியே கில்லுக்கு ஊட்டும் ஒற்றை வரிக் கட்டளை பல இடங்களில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதைத் தட்டினால் குற்றமற்ற என்ஜின்எக்ஸும் சேர்ந்து விழும், அதை நம்பியிருக்கிற மற்ற வலைத்தளங்களும் விழும். ஃபியூசர் கட்டளையிலும் இதேபோல ஓர் ஆபத்து உண்டு. அதோடு கே என்ற விருப்பத்தைச் சேர்த்தால் முன்னறிவிப்பே இல்லாத 9-ஆம் சிக்னலைத்தான் அனுப்பும். பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பெயர் வந்தாலும் ஏமாற்றக்கூடிய இரண்டு இடங்கள் உண்டு. டாக்கர்-ப்ராக்ஸி என்று வந்தால் உண்மையான ஆள் ஒரு கன்டெய்னருக்குள் இருக்கிறார். ‘டாக்கர் பிஎஸ்’ என்று கேட்டு, எந்தக் கன்டெய்னர் 8080-ஐ வெளியே திறந்திருக்கிறது என்று பார்த்து, ‘டாக்கர் ஸ்டாப்’ கொடுத்து அதை நிறுத்த வேண்டும். சிஸ்டம்டி என்றும் செயல் எண் 1 என்றும் வந்தால், சேவைக்குப் பதிலாக சிஸ்டம்டியே போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, முதல் அழைப்பு வந்ததும் சேவையை எழுப்பக் காத்திருக்கிறது. உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்எச் சேவையே இப்படித்தான் வருகிறது. இதில் சேவையை நிறுத்தினால் போர்ட் காலியாகாது, அதற்கான சாக்கெட் அலகை நிறுத்த வேண்டும். ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-சாக்கெட்ஸ்’ அதன் பெயரைத் தரும். செயல் எண் 1-ஐக் கொல்லும் எண்ணமே வேண்டாம்.

விடுவிப்பது

ஆள் தெரிந்துவிட்டார். இனி அவரை யார் தொடங்கினாரோ அவர் வழியாகவே நிறுத்துங்கள். சிஸ்டம்டி தொடங்கியிருந்தால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப். டாக்கர் தொடங்கியிருந்தால் டாக்கர். மென்பொருளுக்குத் தனியாக நிறுத்தும் ஸ்கிரிப்ட் இருந்தால் அந்த ஸ்கிரிப்ட். செயலை நேரே கொன்றால், ‘விழுந்தால் மறுபடி தொடங்கு’ என்று எழுதி வைத்திருக்கும் சேவை நொடிகளில் புதிய செயல் எண்ணோடு எழுந்து வந்து அதே போர்ட்டில் உட்காரும். நீங்கள் மறுபடி கொல்வீர்கள், அது மறுபடி எழும். நேரம்தான் போகும். நிறுத்துவதோடு, மறுதொடக்கத்தில் திரும்பி வராமலிருக்க ‘சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள்’ கொடுக்க வேண்டுமா என்பதையும் உரியவரிடம் கேட்டு அப்போதே முடிவு செய்யுங்கள்.

யாருக்கும் சொந்தமில்லாமல் தனியாக ஓடும் செயலாக இருந்தால் மட்டும் கில். ‘கில் 2143’ என்று வெறுமனே தட்டினால் போவது 15-ஆம் சிக்னல். திறந்த கோப்புகளை மூடி, பாதி எழுதியதை முடித்துவிட்டுக் கிளம்பு என்று அது சொல்கிறது. ஜாவா புரோகிராம்கள் மூட அரை நிமிடம் எடுத்துக்கொள்வது சாதாரணம். சேவையை நிறுத்தச் சொன்னால் சிஸ்டம்டியே இயல்பாக 90 விநாடி காத்திருந்துதான் பலவந்தத்துக்குப் போகிறது. நாமும் அந்த அளவு பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ‘கில் -9’ புரோகிராமிடம் எதையும் சொல்வதில்லை, கர்னல் அதை அப்படியே பிடுங்கி எறிந்துவிடும். போர்ட் காலியாகும் என்பது உண்மை. பிடித்திருந்தது போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளமாக இருந்தால், அடுத்த முறை அது எழும்போது பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொண்டுதான் திறக்கும். வரவேற்பில் ஆட்கள் நிற்கிற நேரத்தில் அந்தத் தாமதம் தாங்காது. போஸ்ட்கிரெஸ்ஸின் தலைமைச் செயலை 9-ஆல் கொல்லக் கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. 15-ஐயும் பொறுமையையும் தீர்த்த பிறகு, பதில் இல்லாமல் உறைந்து கிடக்கும் செயலுக்கு மட்டும் 9.

சில நேரம் எல்லாம் ஒழுங்காக நிறுத்திய பிறகும், எஸ்எஸ்ஸில் யாருமே இல்லாதபோதும், போர்ட் கிடைக்காது. சீசன் நாளில் விடுதியில் விருந்தினர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பின்பும், அறையைக் கூட்டி முடிக்கும் வரை அடுத்தவருக்குத் தரமாட்டார்களே, அந்த நிலை. மூடிய இணைப்பின் பழைய பொட்டலங்கள் ஏதாவது வழியில் தங்கியிருந்து புதிய இணைப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, மூடலை முதலில் தொடங்கிய பக்கம் சற்று நேரம் அந்த இணைப்பை நினைவில் வைத்திருக்கும். இந்த நிலைக்கு டைம்-வெயிட் என்று பெயர். லினக்ஸில் அது 60 விநாடி. ‘எஸ்எஸ் -டிஏஎன்’ என்று எல்லா இணைப்புகளையும் கேட்டால் இது தெரியும். செய்ய வேண்டியது ஒரு நிமிடம் காத்திருப்பது மட்டும். எழுதுகிற புரோகிராம் உங்களுடையதாக இருந்தால், சாக்கெட்டைத் திறக்கும்போது எஸ்ஓ-ரீயூஸ்அட்ரஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள், லினக்ஸில் இந்தக் காத்திருப்பு இல்லாமல் போகும். ஜாவா லினக்ஸில் அதை இயல்பாகவே சேர்த்துவிடுகிறது.

இதை க்ளோஸ்-வெயிட் என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எதிர்முனை மூடிவிட்டது, நம் புரோகிராம் இன்னும் மூடவில்லை என்பதே க்ளோஸ்-வெயிட். அது தானாகத் தீராது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் புரோகிராமில் பிழை இருக்கிறது, அதை எழுதியவரிடம் கொண்டுபோங்கள்.

விண்டோஸில்

குற்றாலத்து விடுதிகளிலும் தென்காசிக் கடைகளிலும் பில் போடும் கணினி பெரும்பாலும் விண்டோஸ்தான். நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து:

நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ | ஃபைண்ட்எஸ்டிஆர் :8080

கடைசி எண் செயல் எண். எண்ணுக்கு முன்னால் முக்காற்புள்ளியைச் சேர்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் 18080 போர்ட்டும், தற்செயலாகச் செயல் எண்ணே 8080 ஆக இருக்கும் வரியும் சேர்ந்து வரும். முக்காற்புள்ளி இருந்தாலும் லிஸனிங் என்ற சொல் உள்ள வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயல் எண் கிடைத்ததும் ‘டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி’ பட்டியலில் அதைத் தேடினால் புரோகிராமின் பெயரும் அதற்குள் ஓடும் சேவையின் பெயரும் வரும். சேவை என்றால் சர்வீசஸ் சாளரத்தில் போய் நிறுத்துங்கள். சேவையாக ஓடும் பல ஜாவா மென்பொருள்களுக்கு மேலே ஒரு காவல் புரோகிராம் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஜாவாவை மட்டும் முடித்தால் அது மறுபடி எழுப்பிவிடும்.

செயல் எண் 4, பெயர் சிஸ்டம் என்று வந்தால் திகைக்க வேண்டாம். 80-ஆம் போர்ட்டில் இது அடிக்கடி வரும். விண்டோஸ் கர்னலுக்குள் இருக்கும் எச்டிடிபி இயக்கி ஐஐஎஸ் போன்ற சேவைகளுக்காக அதைப் பிடித்திருக்கிறது. யாருக்காக என்பதை ‘நெட்ஷ் எச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட்’ சொல்லும். அந்தச் சேவையை நிறுத்தினால் போர்ட் வரும்.

பிழை எண் 10048-க்குப் பதிலாக 10013 என்றால் நிலைமை வேறு. நெட்ஸ்டாட்டில் யாருமே தெரியமாட்டார்கள். ஹைப்பர்-வி போன்ற வசதிகள் எழும்போது போர்ட்களைக் கற்றை கற்றையாக ஒதுக்கி வைத்துக்கொள்வதுண்டு, உங்கள் எண் அந்தக் கற்றைக்குள் விழுந்திருக்கலாம்.

நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் ப்ரோட்டோகால்=டிசிபி

இந்தப் பட்டியலில் உங்கள் எண் இருந்தால், கொல்லுவதற்கு யாருமில்லை. வேறு எண்ணுக்குப் போங்கள்.

யார் இடம் மாறுவது

சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸும் ஆட்மேனேஜர் பிளஸ்ஸும் மோதிய கதைக்கு வருவோம். இரண்டும் வேண்டியவை, எதையும் நிரந்தரமாக நிறுத்த முடியாது. இங்கே என் முடிவு எப்போதும் ஒன்றுதான்: பிறகு வந்தவர் இடம் மாற வேண்டும். முன்பே இருப்பவரின் முகவரி பலரது பிரவுசரில் சேமிக்கப்பட்டிருக்கும், ஃபயர்வாலில் அதற்கு வழி திறந்திருக்கும், மின்னஞ்சல்களில் போன இணைப்புகளில் அந்த எண் இருக்கும். புதியவருக்கு இவை எதுவும் இல்லை. ஆட்மேனேஜர் பிளஸ் புதியவர் என்றால் அதன் நிர்வாகப் பக்கத்தில் இணைப்பு அமைப்பில் எண்ணை மாற்றலாம். சர்வீஸ்டெஸ்க் பிளஸ் புதியவர் என்றால் அதை நிறுத்திவிட்டு, நிறுவிய அடைவின் பின் கோப்புறையில் உள்ள சேஞ்ச்வெப்சர்வர்போர்ட் என்ற தொகுப்புக் கோப்பைப் புதிய எண்ணோடும் நெறிமுறையின் பெயரோடும் ஓட்ட வேண்டும்.

தனியாக நிறுவிய இரண்டு டாம்கேட்களில் எண்ணை மாற்றும்போது 8080-ஐ மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடாதீர்கள். டாம்கேட் தன்னை நிறுத்தச் சொல்லும் கட்டளைக்காக 8005 என்ற இன்னொரு போர்ட்டிலும் காத்திருக்கும். அதை மாற்றாமல் விட்டால் இரண்டாவது டாம்கேட் மறுபடியும் அதே பிழையோடு விழும். ‘மாத்திட்டேன், இன்னும் வருது’ என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பதிவுக் கோப்பில் உள்ள எண் எது என்பதைத்தான். பிழை வரியில் எண் பெரும்பாலும் இருக்கும், கண்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

எப்போதாவது மட்டும் வரும் மோதல்

மாதத்தில் ஒரு நாள் மட்டும் வரும், அடுத்த மறுதொடக்கத்தில் காணாமல் போகும் மோதல்தான் மிகவும் தொல்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் வெளியே போகும் இணைப்புகள். உங்கள் சர்வர் வேறொரு சர்வரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும், கர்னல் நம் பக்கத்துக்குத் தற்காலிகமாக ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் இயல்பாக 32768 முதல் 60999 வரை எடுக்கும், விண்டோஸ் 49152 முதல் 65535 வரை. உங்கள் சேவையின் எண் அந்த எல்லைக்குள் இருந்தால், சேவை தொடங்குவதற்கு முந்தைய நொடியில் ஏதோ ஒரு இணைப்பு அதை எடுத்துவிடலாம்.

சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸோடு வரும் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக உட்காருவது 65432-இல். போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த எண்ணான 5432-க்கு முன்னால் ஒரு 6. சர்வரில் ஏற்கெனவே வேறு போஸ்ட்கிரெஸ் இருந்தாலும் இந்த எண் அதோடு மோதாது. ஆனால் விண்டோஸில் அது தற்காலிக எல்லைக்குள் விழுகிறது. தீர்வு, அந்த எண்ணைக் கர்னலிடமே சொல்லி ஒதுக்கி வைப்பது. லினக்ஸில் சிஸ்சிடிஎல் அமைப்பில் நெட்.ஐபிவி4.ஐபி_லோக்கல்_ரிசர்வ்ட்_போர்ட்ஸ் என்ற வரியில் எண்ணை எழுதினால், தற்காலிகத் தேவைக்கு அதைத் தொடாது. கேட்டு வாங்கும் சேவைக்கு மட்டும் தரும். விண்டோஸில் மேலே பார்த்த எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் கட்டளையில் ஷோவுக்குப் பதில் ஆட் போட்டு, எண்ணைக் கொடுத்து, மறுதொடக்கத்துக்குப் பிறகும் அது நிலைத்திருக்க ஸ்டோர்=பெர்சிஸ்டென்ட் என்றும் சேர்க்க வேண்டும். இப்படி நீங்களே ஒதுக்கிய எண், அதைக் கேட்டு வாங்கும் சேவைக்குத் தடையாகாது. இதைச் சேவையை நிறுத்திவிட்டுத்தான் செய்ய முடியும், போர்ட் அப்போது காலியாக இருக்க வேண்டும்.

சர்வருக்கு ஒரு போர்ட் பதிவேடு

1995-இல் பின்லாந்தின் டாட்டு யிலோனன் எஸ்எஸ்எச்சை எழுதியபோது, எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே 22 காலியாக இருப்பதைப் பார்த்து, இணைய எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். மறுநாளே எண் கிடைத்தது. உலகத்துக்கு அந்த அமைப்பு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. உங்கள் ஒற்றை சர்வருக்கும் ஒன்று வேண்டும். ஒரு தாள் போதும்: எண், மென்பொருள், சேவையின் பெயர், அதற்குப் பொறுப்பானவர், எப்படி நிறுத்துவது. இதைச் சர்வருக்குள் ஒரு கோப்பாக மட்டும் வைக்காதீர்கள், சர்வர் எழாத நாளில்தான் அது தேவைப்படும். அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். புதிதாக எதை நிறுவ வந்தாலும் முதலில் அந்தத் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அதில் எழுதச் சொல்லுங்கள்.

தாளை எழுதி முடித்ததும் சர்வரின் உண்மை நிலையோடு ஒப்பிட வேண்டும். எஸ்எஸ் அல்லது நெட்ஸ்டாட் காட்டும் ஒவ்வொரு லிஸன் வரிக்கும் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும். பெயர் தெரியாத வரி ஒன்று மிஞ்சினால் அதை விசாரிக்காமல் விடாதீர்கள். மறந்துபோன சோதனை நிறுவலாக இருக்கலாம், அழைக்காமல் வந்த தீம்பொருளாகவும் இருக்கலாம்.

பிறகு, மே மாதக் கடைசியில், சாரல் தொடங்குமுன் ஓர் அமைதியான இரவில், காப்புப் பிரதி எடுத்துவிட்டு, சர்வரை நீங்களே மறுதொடக்கம் செய்யுங்கள். எழுந்து ஐந்து நிமிடம் கழித்து அதே கட்டளையை ஓட்டித் தாளோடு ஒப்பிடுங்கள். வேறொரு கணினியில் பிரவுசரைத் திறந்து ஒவ்வொரு முகவரியும் சரியான மென்பொருளைத் திறக்கிறதா என்று பாருங்கள். சர்வரிலேயே பார்த்துவிட்டு விட்டால் ஃபயர்வால் மறைத்திருப்பது தெரியாது. எண்ணை மாற்றியிருந்தால் ஃபயர்வாலில் பழைய எண்ணுக்கான வழியை மூடிவிடுங்கள், வரவேற்பில் இருப்பவரின் கணினியில் சேமித்த முகவரியையும் மாற்றிக் கொடுங்கள்.